மச்சானின் தூண்டில் பிடி

அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்ட மச்சானிடம் எனக்குப் பிடிக்காதவை நிறைய இருந்தன. அவற்றில் முதலாவது, மணிக்கணக்காகத் தூண்டில் போட்டு உட்கார்ந்தாலும் அவருக்குக் கை மரத்துப் போகாது என்பது. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். எனக்கு அது தீராத வயிற்றெரிச்சல்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு பேருக்கும் திருச்சியில் ஒரே பட்டறையில் வேலை. மூக்குத்திக்கும் தோட்டுக்கும் போகிற செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் பட்டறை அது. கல்லை அரக்கு வைத்து ஒரு குச்சி நுனியில் ஒட்டி, சுழலும் சாணைத் தட்டில் சாய்த்து அழுத்தி, ஒவ்வொரு பட்டையாக எடுக்க வேண்டும். குச்சி இம்மி நகர்ந்தால் கல் பாழ். ஆகவே பிடி உடும்புப் பிடியாக இருக்கும், கட்டை விரல் மேலே அழுந்தியே இருக்கும்.

நான் செய்த தப்பு அங்கேதான் இருந்தது. ஆனால் அது எனக்கு வெகுநாள் தெரியவில்லை. தூண்டில் கழியையும் நான் பட்டறைக் குச்சி மாதிரியேதான் பிடித்தேன். தக்கை ஆடுகிறதோ இல்லையோ, என் முஷ்டி இறுகியே கிடக்கும். அரை மணியில் சுண்டு விரலில் எறும்பு ஊரும். பிறகு மோதிர விரல். ஒரு மணி நேரத்தில் கை எனக்குச் சொந்தமில்லாதது போல் ஆகிவிடும். மீன் இழுக்கும்போது எனக்குத் தெரிவதற்குள் புழுவைத் தின்றுவிட்டுப் போயிருக்கும்.

முதலாளியும் எங்களவர் என்பதால் பட்டறைக்கு வெள்ளிக்கிழமை லீவு. விடியலில் சுபுஹு தொழுததும் இரண்டு சைக்கிள்களில் கிளம்புவோம். சிந்தாமணி, காவிரிப் பாலம், மாம்பழச் சாலை, அப்புறம் ஸ்ரீரங்கத்து வடக்கு வாசலைத் தாண்டினால் கொள்ளிடக்கரை. வெள்ளம் வடிந்த பிறகு மணலுக்கு நடுவே மடுமடுவாகத் தண்ணீர் நிற்கும். கெண்டையும் கெளுத்தியும் விராலும் அதில்தான். போகும்போது ஊருக்குள்ளே போவோம். திரும்பும்போது பையில் மீன் இருக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்கள் தெரு நிறைய இருப்பார்கள். அதனால் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு வெளிப்பக்கமாகச் சுற்றி வருவோம். ஜும்ஆவுக்குள் குளித்துவிட்டுப் பள்ளிவாசலில் இருக்க வேண்டும்.

மடுவில் எனக்குப் பத்தடி தள்ளி உட்காருவார் மச்சான். வெற்றிலை போடுவார். ஏதோ ஒரு பாட்டை மூக்கால் முனகுவார். கழி அவர் கையில் சும்மா கிடக்கும். நடுநடுவே என்னைப் பார்த்து ஒரு கேள்வி.

"என்ன மாப்ளே, கை மரத்துப் போச்சா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல, கையை உதறுன மாதிரி இருந்துச்சு."

"கொசு."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொசு. செத்தாலும் அவரிடம் ஒத்துக்கொள்வதாக இல்லை நான்.

ஆனால் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அவர் கழியின் அடிப்பக்கம் பருமனாக இருந்தது. சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி, அதற்கு மேல் பழைய கைலித் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றியிருந்தார். நானும் ட்யூப் சுற்றினேன், கைலி சுற்றினேன். மரத்தது. அவர் கழியின் அடியை முழங்கைக்குக் கீழே கொடுத்து உட்காருவார். நானும் கொடுத்தேன். மரத்தது. கவட்டைக் குச்சியை மணலில் நட்டுக் கழியை அதில் சாய்த்தேன், இடது கைக்கு மாற்றினேன், அப்போதுதான் கடைக்கு வந்திருந்த நைலான் நரம்பு கட்டினேன். எதைச் செய்தாலும் ஒரு பத்து நிமிஷம் நன்றாக இருக்கும். அப்புறம் அவர் ஒரு மீனைத் தூக்குவார். நான் பார்ப்பேன். என் பிடி தானாக இறுகும்.

பட்டறையிலும் அவர்தான் பெரிய ஆள். வடக்கு ஜன்னலோர இடம் அவருக்கு. வெளிச்சம் சீராக வருகிற இடம், நுணுக்க வேலைக்காரர்களுக்கு மட்டும் கொடுப்பது. அடுப்பிலிருந்து எடுத்த அரக்கைக் கல்லைச் சுற்றிச் சுண்டு விரலாலேயே நீவி விடுவார். மற்றவர்கள் எல்லாம் எச்சில் தொட்டுத் தொட்டு ஊதிக்கொண்டிருப்போம். "கையின்னா அது கை" என்பார் முதலாளி, என்னைப் பார்த்துக்கொண்டே. ஒரு வெள்ளிக்கிழமை கெளுத்தியின் முள் மச்சானின் உள்ளங்கை ஓரத்தில் ஏறிவிட்டது. கெளுத்தி முள் ஏறினால் ஆம்பிளையும் அழுவான். அவர் வெற்றிலை மென்றுகொண்டே பிடுங்கிப் போட்டார். அந்தத் தைரியமும் எனக்கு ஆகவில்லை.

எல்லாவற்றையும் விட, அக்கா. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். மீன் குழம்பில் நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான் வரும். மச்சான் வந்த நாளிலிருந்து அது அவர் தட்டுக்குப் போனது. எனக்கு வால். அவள் தெரிந்து செய்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் வாலைச் சாப்பிட்டுக்கொண்டே அவர் தட்டைப் பார்ப்பேன். இருபத்திரண்டு வயது ஆள் இப்படி ஒரு மீன் துண்டுக்கு ஏங்கினான் என்று எழுத இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது வெட்கமே இல்லை.

ஒரு வியாழக்கிழமை பட்டறையில் ஒரு சிவப்புக் கல் உடைந்தது. அதில் ஒரு சில்லை மடியில் முடிந்துகொண்டு வந்தேன். கதவு மூலையில் எங்கள் இரண்டு கழிகளும் சாத்தியிருக்கும். அவருடையதை எடுத்து, துணிச் சுற்றைத் தளர்த்தி, ட்யூபுக்கு மேலே சில்லை வைத்துத் திரும்பச் சுற்றினேன். உள்ளங்கை ஓரமும் கடைசி இரண்டு விரலும் படிகிற இடம் பார்த்து, கூர் வெளியே தெரியாமல் வைத்தேன். அழுத்திப் பிடித்தால் குத்தும். பெரிய மீன் மாட்டி அவர் சுண்டும்போது "ஆ" என்று கழியை விட வேண்டும். மீன் போக வேண்டும். நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மறுநாள் பெரிய மீனே மாட்டியது. முழங்கை நீள விரால். மச்சான் எழுந்து நின்று, கழியை வயிற்றில் முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து இழுத்தார். கழி வில்லாக வளைந்தது. இப்போ, இப்போ என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விராலை மணலில் தூக்கிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கைலிச் சுற்று நனைந்து சிவந்திருந்தது.

"மச்சான், ரத்தம்."

"மீன் ரத்தம்டா" என்று தண்ணீரில் கையை அலசினார். அலச அலச வந்துகொண்டே இருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை ஓரத்தில் அரை அங்குலத்துக்குக் கிழிந்திருந்தது. "அட, என்னோடதா? எப்பப் பட்டுச்சுன்னே தெரியலையே" என்றார். நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இவ்வளவு வீம்பா என்று அப்போதும் எனக்கு எரிந்தது. ஆனால் அந்த முகத்தில் நடிப்பு இல்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, அவர் பாயில் படுத்துத் தூங்கிவிட்டார். அக்கா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு தூண்டில் முள்ளை எடுத்துப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நுனியைச் சுண்டு விரலில் வைத்து அழுத்தினேன். அசையவில்லை. மோதிர விரலில் அழுத்தினேன். குறட்டை மாறவில்லை. கட்டை விரலில் லேசாகத்தான் தொட்டேன், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

"என்ன மாப்ளே?"

"ஈ."

அவர் திரும்பிப் படுத்தார். கை மரத்துப் போகாத மனுஷன் என்று எவரைப் பார்த்து வெந்தேனோ, அவருக்கு அந்த இரண்டு விரலும் ஏற்கெனவே செத்துக் கிடந்தன. சாயங்காலம் சில்லை எடுத்துவிடலாம் என்று கழியைத் தேடினேன். துணியை அவரே அவிழ்த்து அலசிக் கொடியில் போட்டிருந்தார். சில்லு எங்கும் இல்லை. மடுவில் விழுந்திருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கல்லை வைத்தேன், முள்ளால் குத்தினேன் என்றா சொல்வது? இரண்டு மாசம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பயம் மட்டும்தான் காரணம் என்று எழுதினால் பொய். அந்த இரண்டு மாசத்தில் மச்சான் இரண்டு கற்களைக் கெடுத்தார். முதலாளி எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். எனக்கு அது இனித்தது. வேலை செய்கிற மாதிரிக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

வாயைத் திறக்க வைத்தவள் அக்காதான். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்: "கொதிக்கிற சட்டியை வெறுங்கையால எறக்கி வெச்சுட்டார்டா உங்க மச்சான். கொப்புளமே போட்டிருக்கு, மனுஷனுக்கு உறைக்கவே இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"கொப்புளத்துக்கா?"

"கொப்புளம் போட்டது தெரியலைல்ல, அதுக்கு."

புத்தூர்ப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் மச்சானைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு கோழி இறகால் கையில் அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தைச் சொல்லச் சொன்னார். பாதி இடத்தில் மச்சான் பேசாமல் உட்கார்ந்திருந்தார், இன்னும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டு. முழங்கைக்குக் கீழே வெளுத்த ஒரு தேமல் இருந்தது. அதிலும் இறகு தெரியவில்லை. குஷ்டத்தின் ஆரம்பம் என்றார் டாக்டர். வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் அடங்கிவிடும், அடுத்தவருக்குத் தொற்றாது, ஆனால் போன உணர்ச்சி திரும்புவது சந்தேகம் என்றார்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றும் சொன்னார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டறையில் வியாதியின் பெயரைச் சொல்ல முடியாது. கண் மங்கல் என்று சொல்லி மச்சான் நின்றுகொண்டார். அரியமங்கலத்தில் ஒரு மரவாடியில் காவலுக்குச் சேர்ந்தார். அடுத்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டு, வடக்கு ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். நான் ஆசைப்பட்ட அதே இடம், அதே வெளிச்சம். அவருடைய பலகை அவர் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தது. அன்று ராத்திரி அக்கா எனக்கு நடுத்துண்டு வைத்தாள். அவள் கவனம் முழுக்க மச்சானுக்கு முள் எடுத்துக் கொடுப்பதில் இருந்தது. இறங்கவில்லை எனக்கு.

அடுத்த வருஷம் வெள்ளம் வடிந்த பிறகு மறுபடி கொள்ளிடத்துக்குப் போனோம். அதற்குள் மச்சானின் கடைசி இரண்டு விரலும் கொஞ்சம் உள்வாங்கி மடங்கியிருந்தன. கழி நழுவாமல் இருக்க நான்தான் அவருக்குப் புதிதாகப் பிடி சுற்றிக் கொடுத்தேன். முதலில் ட்யூப், அதற்கு மேல் பஞ்சு, அதற்கு மேல் மெத்தென்ற துணி. கையில் கொடுப்பதற்கு முன்னால் மேலிருந்து கீழே என் உள்ளங்கையால் அழுத்தித் தடவிப் பார்ப்பேன், சிராய் கிராய் இருந்தால் அவருக்குத் தெரியாதே என்று. அன்றும் மடு ஓரத்தில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தேன்.

"கல்லு ஏதும் இருக்கான்னு நல்லா பாரு மாப்ளே" என்றார்.

குரலில் கோபம் இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். துணியை அலசிய அன்றே அவர் கையில் சில்லு கிடைத்திருக்கிறது. சிவப்புக் கல் எந்தப் பட்டறையில் உடையும், யார் கையோடு வீட்டுக்கு வரும் என்று தெரியாதவரா அவர்? இத்தனை நாள் அக்காவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். இதிலும் இவர்தானா என்று. அழுகை அதற்கு அப்புறம்தான் வந்தது.

தலை நிமிராமல் கழியைக் கொடுத்தேன். என் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அரை மணியில் சுண்டு விரலில் எறும்பு ஊர ஆரம்பித்தது.

"என்ன மாப்ளே, கை மரத்துப் போச்சா?"

"ஆமா மச்சான்" என்றேன். "மரத்துப் போச்சு. எப்பவுமே மரத்துத்தான் போவும்."

எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இறுகிக் கிடந்த என் விரல்களைக் கழியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அந்த மடங்கின விரலோடு இருந்த கையால் அழுத்தித் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

"உசுரு வந்துடுச்சா?"

வந்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் நான் சொல்லவில்லை.