கதவைப் பூட்டிய ஹனோக்

என் அக்காள் எலிஷெபா இறந்து ஓராண்டு நிறைந்த அன்று, அவள் கணவர் ஹனோக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அலிபாகுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் ஜெபாலயத்துக்கு அவர்தான் காவல். நினைவு நாளில் இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் வேண்டுதலை, எங்கள் யூத முறைப்படி பத்து ஆண்கள் கூடினால்தான் சொல்லலாம். ஊரில் மிஞ்சியிருந்த யூத ஆண்கள் நாலே பேர். மற்றவர்கள் இஸ்ரேலுக்கும் பம்பாய்க்கும் போய்விட்டார்கள். பம்பாய் உறவுக்காரர்களைக் கூப்பிடலாமே என்றேன். யாருக்கும் தொந்தரவு வேண்டாம், அன்றைக்கு ஒரு பேருந்து நிறைய வெளிநாட்டு யூதர்கள் நம்மைப் பார்க்க வருகிறார்கள், போதும் என்றார்.

மழைக்காலம் தொடங்கி, பம்பாயிலிருந்து வரும் படகுகள் நின்றிருந்தன. அவர்கள் தரைவழியாகச் சுற்றி வர வேண்டும். மதியம் போயிற்று, வெயிலும் சாய்ந்தது. சூரியன் இறங்கினால் எங்கள் கணக்கில் அக்காளின் நாள் முடிந்தது.

ஒருவழியாகப் பேருந்து வந்தது. நாங்கள் ஆட்களை ஒன்று இரண்டு என்று எண்ண மாட்டோம். பத்துச் சொல் கொண்ட ஒரு வசனத்தை, தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்வோம். அத்தானின் உதடுகள் அசைந்தன. வசனம் முடிந்தும் ஆண்கள் மிச்சமிருந்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

வந்தவர்கள் ஓரிடத்தில் நின்றால்தானே? விளக்கைப் படமெடுத்தார்கள், கூரையைப் படமெடுத்தார்கள், அத்தானையும் படமெடுத்தார்கள். இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று வழிகாட்டிப் பெண் நீதா மூலம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன அத்தான், தன் காரியத்தை மட்டும் கேட்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த மனிதருக்கு அது வாய்க்கவில்லை. இருட்டுவதற்குள் கிளம்பணும் என்று நீதா கைதட்டினாள்.

அப்போது அத்தான் வாசலுக்குப் போய், உள்ளிருந்தே கதவைப் பூட்டினார்.

"என்ன மாமா பண்றீங்க? திறங்க," என்றாள் நீதா.

"திறக்கிறேன்மா. என் பொண்டாட்டிக்கு இன்னிக்கு வருஷம். இவங்கல்லாம் நின்னாத்தான் நான் அவளுக்குக் கதீஷ் சொல்ல முடியும். சொல்லி முடிச்சதும் திறந்துடறேன்."

விருந்தாளியைப் பூட்டி வைப்பார்களா? வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. நீதா அவர்கள் மொழியில் சொன்னாள். பிறகு கூட்டத்தில் ஒரு கிழவர், யாகோபோ என்று பெயர், கேமராவைப் பெஞ்சில் வைத்துவிட்டு எருசலேம் இருக்கும் மேற்குப் பக்கம் திரும்பி நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். அத்தான் கதீஷ் சொன்னார். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. அத்தனை பேர் சேர்ந்து ஆமென் சொன்னபோது நான் அடக்க முடியாமல் அழுதேன்.

அவர் கதவைத் திறக்கப் போக, யாகோபோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீதாவிடம் ஏதோ சொன்னார்.

"இவருக்கு சிலி நாட்டுல ஒரு சின்ன ஊராம் மாமா. அங்க யூதர்னு இவர் ஒருத்தர்தான் மிச்சமாம். சம்சாரம் போனதுலேர்ந்து இந்த மாதிரிக் கூட்டத்தோடயே சுத்துறாராம். ஊர் பார்க்க இல்லையாம். பத்து பேர் கிடைப்பாங்கன்னுதானாம். ஆனா நிக்கச் சொல்லிக் கேக்க வாய் வரலையாம். இப்ப இவரும் அவங்களுக்குக் கதீஷ் சொல்லிக்கலாமான்னு கேக்கறார்."

வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அத்தான் பூட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அவர் சம்சாரத்தோட பேரு என்னன்னு கேளும்மா," என்றார்.