பதினொன்று முதல் பதினொன்றரை வரை

அந்தத் திங்கட்கிழமைப் பட்டியலில் அவள் பெயரை நான் எழுதாமல் விட்டது இரக்கத்தாலா, பயத்தாலா? இரக்கம் என்று சொல்லிக்கொண்டால் எனக்கே நம்பிக்கை வருவதில்லை. பயம் மட்டும்தான் என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வருவதில்லை.

செங்கம் சாலையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். காகிதத்தில் வரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மேற்பார்வை நான். பௌர்ணமி வந்தால் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும். மாமியார்கள் மலை சுற்றக் கிளம்பிவிடுவார்கள்; பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் தாய்மார்கள் லீவு போடுவார்கள். அதற்காகத்தான் முதலாளி பின்னறையைக் காலி செய்து கொடுத்தார். இரண்டு தூளி, ஒரு பாய், கொஞ்சம் பிளாஸ்டிக் பொம்மைகள். பௌர்ணமிக்கு என்று தொடங்கியது தினசரி ஆகிவிட்டது. என்னையும் சேர்த்து ஆறு தாய்மார்கள் ஆளுக்கு அரை மணி நேரம் என்று முறை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டோம். திங்கட்கிழமை காலையில் முறைப்பட்டியலை எழுதிக் கதவில் ஒட்டுவது என் பொறுப்பு.

முதலாளி சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த கையோடு என்னைக் கூப்பிட்டார். “எல்லாரும் சந்தோஷமா வேலை செய்யணும். யாரும் யாரையும் ஒதுக்கக் கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்மா. சண்டை கிண்டை வந்துச்சுன்னா ரூமைப் பூட்டிடுவேன்.” சரி சார் என்றேன். என் மகளுக்கு ஒன்பது மாதம். வீட்டில் பார்த்துக்கொள்ள யாரும் கிடையாது. அந்த அறை பூட்டப்பட்டால் என் வேலையும் அதோடு போகும்.

அந்தக் கோடையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். அடி அண்ணாமலைப் பக்கம் காலனியிலிருந்து வருகிறவள். இரண்டரை வயதுப் பெண் குழந்தையைக் கூடவே அழைத்துவந்து, கீழே மாடிப்படிக்கு அடியில் உட்கார வைத்துவிட்டு மேலே வருவாள். ஜெனரேட்டரும் அங்கேதான். தினமும் பத்தரை மணி வாக்கில் கரண்ட் போகும், அதை ஓட்டுவார்கள். ஒருநாள் நான் இறங்கும்போது அந்தக் குழந்தை, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தது. பாய்ந்து தூக்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை குழந்தையின் பெயரைப் பட்டியலில் சேர்த்து, அதை மேலே தூக்கிவந்து பாயில் விட்டேன். தாயின் பெயரை முறையில் சேர்க்கவில்லை. பாவம், வேலை அதிகம், இதையும் ஏன் சுமத்துவது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்ததாக நினைவு.

ஒன்பதரைக்கு அவள் மாப்பும் கையுமாகக் கதவருகே நின்று பட்டியலைப் படித்தாள். பத்தாவது வரை படித்தவள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

“மேடம், பேர் விட்டுப்போச்சு.”

“உன் பொண்ணு பேரு இருக்கே. ஏழாவதா பாரு.”

“அவ பேரு இருக்கு. என் பேரு இல்ல.”

“உனக்கு வேலை ஜாஸ்தின்னுதாம்மா.”

“அப்ப உங்களுக்கெல்லாம் வேலை கம்மியா?”

உள்ளே யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்க முயன்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. “எம்புள்ளைய நீங்க எல்லாரும் தூக்கலாம். உங்க புள்ளைங்கள நான் தூக்கக் கூடாது. அப்படித்தான மேடம்? அப்ப அவ கீழயே இருக்கட்டும்.” மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாயில் விளையாடிக்கொண்டிருந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரைக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் எழுத்துகள் ஓடின, ஒன்றும் ஏறவில்லை. அவள் பெயரை எழுதினால் இரண்டு பேராவது பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள், விஷயம் முதலாளி காதுக்குப் போகும், அறை மூடும். எழுதாவிட்டால் அந்தப் பெல்ட். முதலாளியிடம் கேட்கலாமா என்று எழுந்தேன்; பிறகு உட்கார்ந்தேன். அவரிடம் கேட்டால் அவர் சொன்னதாகிவிடும், நான் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுந்தேன் என்பது புரிந்தபோது வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்குப் பட்டியலைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். பத்தரை முதல் பதினொன்று வரை என் முறை. பதினொன்று முதல் பதினொன்றரை வரை அவள் முறை. மற்றவர்களை அரை மணி நேரம் கீழே தள்ளினேன். கீழே போய், “எழுதிட்டேன், வாம்மா” என்றேன். அவள் உடனே எழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையோடு வந்தாள்.

பதினொரு மணிக்கு என் மகளை அவளிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது என் வாய் கேட்டது: “கை கழுவிட்டியா?”

அவள் பினாயில் வாளியை விட்டு வந்தவள். நியாயமான கேள்விதான். ஆனால் மற்ற ஐந்து பேரில் ஒருவரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை. அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். சோப்பு வாசனை வந்தது. என் மகள் அழாமல் தாவிப்போனாள். நான் அரை மணி நேரமும் கதவுக்கு வெளியே நின்றேன், தூளிச் சத்தம் கேட்டுக்கொண்டு. எதற்காக நின்றேன் என்று யாரும் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். எங்களில் வேகமாகத் தட்டச்சு செய்கிறவள் அவள்தான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க முறை வர்றப்ப எம்பையன நான் மடியில வெச்சுக்கறேன்.”

“ஏன்மா, அவ நல்லாத்தான பாத்துக்கறா.”

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேலைய விட்டு நிறுத்திடுவாங்க. என்ன நிறுத்த அவங்களுக்கு வெளிய சொல்ல ஒரு காரணம் வேணும், அவ்ளோதான். உங்களுக்குத் தெரியாததா.”

அவள் கண் கலங்கியிருந்தது. சரி என்றேன். அவள் மாமியார் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் நான் சரி என்றது அதற்காகவா, வேகமான கை ஒன்று போய்விடுமே என்றா?

மூன்று மாதம் ஆகிறது. மற்றவர்கள் யாரும் பிள்ளையைக் கொண்டுபோகவில்லை. அறை மூடவில்லை. ஜெனரேட்டர் பக்கம் இப்போது எந்தக் குழந்தையும் போவதில்லை. ஆனால் தினமும் பதினொரு மணிக்கு அந்தப் பெண் எழுந்துபோய்ப் பையனைத் தூக்கிவந்து, மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டுகிறாள். அவள் வரும்போது, உள்ளே முறையில் இருக்கும் இவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நேற்று அந்தப் பையன் இவளிடமே இருப்பேன் என்று கை நீட்டி அழுதான்.

நான் தடுத்தால் ஒருத்தியின் வேலை போகலாம். விட்டுவிட்டால் இன்னொருத்தி ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்படிப்பட்ட அறையை நடத்தியவர்கள், இப்படிப்பட்ட மாமியாரைச் சமாளித்தவர்கள், முக்கியமாக இவள் நிற்கும் இடத்தில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். காத்திருப்பது சரியென்றால் எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள்.