பெட்டி பார்த்துக்கும் என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை காலை, லிங்கிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சர்க்கியூட் போர்டுகளைச் சோதித்து நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்கும் வேலை. பத்தொன்பது வருடமாக அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் பிறந்து வளர்ந்தது அந்தத் தோட்டத்தில்தான். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், இன்னும் அங்கே லயத்து வீட்டில்தான், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில்தான் இருக்கிறார். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். முப்பத்தெட்டு வயதில் பார்வை மங்க ஆரம்பித்து, நாற்பத்திரண்டில் இரண்டு கண்ணும் போய்விட்டன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் வைத்த சாம்பாரைப் பற்றி அவர் சொன்னதை இன்றைக்கும் என் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தோட்டத்து முகப்பில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அங்கே போன் ஆர்டர் எடுக்கும் வேலை நாத்தனாருக்கு. அவருடைய கைப்பேசி திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும். யார் வீட்டில் கேஸ் எப்போது தீரும், யார் எந்த அரிசி வாங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டிலிருந்து கடைக்கு முந்நூற்றுப் பதினேழு எட்டு என்று கணக்கு வைத்திருந்தார். கையில் வெள்ளைப் பிரம்பு வைத்துக்கொள்ள ரோஷம் விடாது. மடக்கிய குடை ஒன்றைத் தட்டிக்கொண்டு போவார்.

அவருக்கு இருந்த ஒரே எரிச்சல், வழி நெடுகக் கேட்கும் சத்தம். "அக்கா, வலது பக்கம் வாங்க", "அக்கா, முன்னால மோட்டார் சைக்கிள் நிக்குது", "நில்லுங்க, நில்லுங்க" என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு குரல் வரும். பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். லோரியைப் பின்னால் எடுக்கும்போது நம் ஊரில் 'கோஸ்தான், கோஸ்தான்' என்று கத்துவோமே, அதைச் சொல்லித்தான் ஒரு நாள் என்னிடம் பொருமினார்.

"நான் என்ன லோரியா? ஆளுக்கு ஆள் கோஸ்தான் சொல்றாங்க. ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு என்னை நடக்க விடுறாங்களான்னு பாரு."

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வீடு திரும்பி, என் கணவர் காரைப் பின்னால் எடுத்தபோது, உள்ளே பீப் பீப் என்று சத்தம் கேட்டது. சுவர் நெருங்க நெருங்க வேகமாகக் கத்துகிறதே, அது. காருக்கு இருப்பது ஏன் நாத்தனாருக்கு இருக்கக் கூடாது என்று தோன்றியது. அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

இணையத்தில் தேடி ஓர் உணரி வாங்கினேன். தீப்பெட்டி அளவுத் தகட்டில் இரண்டு வட்டங்கள் இருக்கும். பார்த்தால் அப்படியே இரண்டு கண். உண்மையில் ஒன்று வாய், இன்னொன்று காது. வாய் நமக்குக் கேட்காத ஓர் ஒலியை அனுப்பும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால் காது வாங்கிக்கொள்ளும். திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத் தூரம் தெரியும். பக்கத்து ஊரான லுக்குட்டில் கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் கேட்டு, பழைய போன்களுக்குள் அதிரும் சின்ன மோட்டார்கள் ஒரு கைப்பிடி வாங்கி வந்தேன். காதுக்குச் சத்தம் வேண்டாம், உடம்புக்கு அதிர்வு போதும் என்பது என் திட்டம்.

முதலில் தொப்பியில் வைத்துத் தைத்தேன். "இதைப் போட்டா செம்பனைக் குலை வெட்டப் போற மாதிரி இருக்கு" என்று நாத்தனார் கழற்றிக் கொடுத்துவிட்டார். அடுத்து மணிக்கட்டில் கட்டினேன். கை வீசும்போது வானத்தையும் தரையையும் அளந்து தொலைத்தது. கடைசியில் ஒரு பழைய தோள்பையின் வாரில், நெஞ்சுக்கு நேராக உணரியையும் தோளெலும்புப் பக்கம் மோட்டார்களையும் வைத்துத் தைத்தேன். பையில் பவர் பேங்க். மொத்தத்துக்கும் 'பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டோம். எதிரில் ஏதாவது வந்தால் தோளில் மெல்ல அதிரும். நெருங்கினால் பலமாக அதிரும்.

இதைச் செய்து முடிக்க ஆன இரண்டு மாதமும் வீட்டில் ஒரே கூத்து. நான் கண்ணைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நடப்பேன். சுவர் தெரிந்தது, அலமாரி தெரிந்தது, என் கணவரின் தொப்பை மிக நன்றாகத் தெரிந்தது. காயப்போட்ட கம்பளியில் மட்டும் நேராகப் போய் முகத்தை மோதிக்கொண்டேன். துணி ஒலியை விழுங்கிவிடுகிறது, திருப்பி அனுப்புவதில்லை. சாய்ந்த பலகை ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. இதையெல்லாம் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். 'கீழே உள்ள குழி தெரியாது' என்றும் அதில் எழுதியிருந்தேன். உணரி நெஞ்சில் இருந்துகொண்டு நேராகத்தானே பேசுகிறது, காலடியை அதற்கு எப்படித் தெரியும்?

நாத்தனாரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "குழி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? இந்த லோங்காங் நான் பொறந்ததிலிருந்து அதே இடத்துலதான் இருக்கு" என்றார். லயத்துக்கும் சாலைக்கும் நடுவே ஓடும் சாக்கடைக் கால்வாயைத்தான் சொன்னார். அதன் மேல் ஒரு சிமெண்டுப் பலகை போட்டிருக்கும். நூற்று நாற்பதாவது எட்டில் பலகை, இரண்டு எட்டில் அதைத் தாண்டிவிடுவார்.

பெட்டியைக் கட்டிவிட்ட அன்று கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாத்தனார் நடந்து வந்து, குறுக்கே நின்ற மோட்டார் சைக்கிளைத் தொடாமல் சுற்றிப் போனபோது எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. யாரோ "இது என்னம்மா செய்யும்?" என்று கேட்டார்கள். நான் வாயும் காதும் எதிரொலியும் சொல்லியிருக்கலாம். குழியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷி மாதிரிக் கையை ஆட்டி, ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

"இனிமே யாரும் சத்தம் போட வேணாம். எல்லாம் பெட்டி பார்த்துக்கும்."

நாத்தனாரும் பக்கத்தில் நின்று, "கேட்டுக்கிட்டீங்க தானே?" என்று ஒரு தடவை அழுத்திச் சொன்னார்.

தொடக்கத்தில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு மூன்று வாரம் கழித்து வந்தது. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று எழுதிக்கொள்ள நோட்டோடு போயிருந்தேன். நாத்தனார் குடையை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். "இன்னிக்குக் கையை வீசிக்கிட்டு நடந்து காட்டுறேன், எழுதிக்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இருபது அடி பின்னால் நான் தொடர்ந்தேன்.

லயமே அமைதியாக இருந்தது. ஒரு குரல் இல்லை. ஒருவர் மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டு ஓரமாக நின்றார். ஓர் அம்மா பிள்ளையை இழுத்து அணைத்து, வாயில் விரல் வைத்துக் காட்டினார். சாமி ஊர்வலத்துக்கு வழி விடுவது போல எல்லோரும் விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் நின்ற லோரியின் பின்கதவு நெஞ்சு உயரத்தில் திறந்து கிடந்தது. குடையால் தட்டியிருந்தால் அது அகப்பட்டிருக்காது. பெட்டி அதிர்ந்தது, நாத்தனார் நின்றார், கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சுற்றிப் போனார். நான் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் கால்வாயைச் சுத்தம் செய்தவர்கள் சிமெண்டுப் பலகையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இது எனக்குத் தெரியாது. கால்வாய்க்கு எதிர்வீட்டில் இருக்கும் பெண்மணிக்குத் தெரியும். அவர் அப்போது வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். நாத்தனாரின் இடது கால் முழங்கால் வரை கால்வாய்க்குள். உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் தோல் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து, ரத்தம் செருப்பு வரை ஓடியது. தோளில் மோட்டார் அப்போதுதான் அதிர்ந்துகொண்டிருந்தது. எதிரில் நான் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது அது.

நாத்தனார் அழவில்லை. "இங்க இருந்த பலகை எங்கம்மா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

லுக்குட்டில் ஞாயிறும் திறந்திருக்கும் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். மருந்து கட்டிய நர்ஸ் மிஸ்ஸி இனிப்பு நீர் அளவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். இந்த அளவில் காலில் புண் என்றால் ஆறுவது கஷ்டம், நிறம் கறுத்தால் ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள், காலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்றார். கண் இல்லாதவருக்கு நான் செய்த உதவி, காலையும் கொண்டு போய்விடும் போலிருந்தது.

அந்தப் பயம் எனக்குள் கோபமாகத் திரும்பியது. சாயங்காலம் நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். "பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க? ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டேன்.

அவர் கையில் இருந்த துணியைக் கசக்கிக்கொண்டே நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீதானேம்மா சொன்ன, பெட்டி பார்த்துக்கும்னு. ரெண்டு கண்ணு வெச்சிருக்கு, எப்படியும் அது பாக்கும்னு நெனச்சேன். எப்படிப் பாக்குதுன்னு நானும் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்" என்றார்.

பார்த்துக்கும் என்றால் கவனித்துக்கொள்ளும் என்று நான் நினைத்துச் சொன்னேன். அவர் அதை நேராகக் கேட்டுக்கொண்டார், பார்க்கும் என்று. தப்பு அவருடையதா? நெஞ்சில் இரண்டு வட்டக் கண்ணை மாட்டி, ஊரைக் கூட்டி, பார்க்கும் என்று சொன்னவள் நான். குழி தெரியாது என்பது என் நோட்டில் பத்திரமாக இருந்தது. நாத்தனாரைத் தவிர, அந்த லயத்தில் அதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய வேறு ஒருவருக்கும் நான் அதைச் சொல்லவில்லை. மூன்று வாரமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பத்துக் குரலும் இருந்திருந்தால், அன்றைக்கு யாராவது ஒருவர் கத்தியிருப்பார்.

புண் ஆற ஐந்து வாரம் ஆனது. வேலை முடிந்து நீலாயிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் வந்தேன். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் நிறத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும். எதிர்வீட்டுப் பெண்மணி நான்கு நாள் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் விரால் மீன் சூப் வைத்துக்கொண்டு வந்தார். புண் ஆற அதைவிட நல்லது இல்லை என்பார்கள். பிறகு கட்டு அவிழ்க்கும் வரை அவரும் விடவில்லை, மீனும் விடவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் போனா நானே நீந்த ஆரம்பிச்சிடுவேன்" என்று நாத்தனார் அலுத்துக்கொண்டார்.

நான் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். அவர் விடவில்லை. லோரிக் கதவும் தொங்கும் மட்டையும் குடைக்குத் தெரியாது, பெட்டிக்குத்தான் தெரியும் என்றார். கீழே பேசும் இரண்டாவது உணரி ஒன்றை வைத்துப் பார்த்தேன். நடக்கும்போது அவர் முழங்காலையே மேடு என்று சொல்லிப் பயமுறுத்தியது. கழற்றிவிட்டேன்.

மறுபடி நடக்கத் தொடங்கிய அன்று, குடையும் பெட்டியுமாக வாசலில் இறங்கியவர், நகரவில்லை. லயம் முழுவதும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். இந்தப் பெட்டிக்கும் கண்ணு தெரியாது. காது மட்டும்தான், அதுவும் அரைக் காது. ரெண்டு குருடு சேர்ந்து வருது, பாத்து வழி சொல்லுங்க. ஆனா பத்துப் பேரும் கத்தாதீங்க லா. யார் வீட்டு வாசலோ, அந்த வீட்டு ஆள் மட்டும் சொன்னா போதும்."

பிறகு முதல் வீட்டிலிருந்து ஒரு குரல், "நேரா வாங்கக்கா, ஒண்ணும் இல்ல" என்றது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று குரல்கள் ஒவ்வொன்றாக அவரைக் கை மாற்றிக்கொண்டு போயின. கால்வாய் வந்ததும் எதிர்வீட்டுப் பெண்மணி, "பலகை இருக்குக்கா, வாங்க" என்றார். நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

இன்றைக்கும் அந்த லயத்தில் அப்படித்தான் நடக்கிறது. நாத்தனாரின் காலில் கருந்தழும்பு ஒன்று நிலைத்துவிட்டது. யாருக்காவது உதவி செய்யப் போனால், அவரைச் சுற்றி ஏற்கெனவே என்ன உதவி நடந்துகொண்டிருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் கை வைக்கிறேன். அன்றைக்கு அதை விசாரிக்காமல் விட்டவள் நான், விழுந்தவர் அவர்.