அம்மாவுக்கு இரும்பு ஊசி போட்ட நாள்

தம்பி பிறந்த பிறகு அம்மாவின் உதடு வெளுத்துப்போனது. குழாயடியிலிருந்து குடத்தோடு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். இரத்தம் ஊறுவதற்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கிய கையோடு வாந்தி. கடைசியில் ஊசிதான் என்று முடிவாயிற்று. அப்பாவுக்குத் திருமழிசைக் கம்பெனியில் பகல் ஷிஃப்ட். தம்பியை அத்தை வைத்துக்கொள்ள, அம்மாவுக்குத் துணையாக என்னைப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு, பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதே பெரிய சந்தோஷம்.

மருந்து கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நர்ஸம்மா முதலில் துளி மட்டும் இடுப்பில் போட்டு, எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். உடம்புக்கு ஒத்துக்கொண்டால்தான் மீதி மருந்தாம். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“பாப்பா, அம்மாகிட்ட எதனா பேசிகினே இரு. வாய் கொளறுச்சுன்னா ஓடியாந்து சொல்லு, இன்னா?”

வாயை மூடு என்றே கேட்டுப் பழகியவளுக்கு, பேசுவதையே ஒருவர் வேலையாகக் கொடுத்தது அன்றுதான். வகுப்பறைக்குள் ஓணான் புகுந்த கதையை எடுத்தேன். அம்மா ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். முகம் தடித்துக்கொண்டு வந்தது. “மூச்சு முட்டு...” என்றாள். அதற்குமேல் குரல் எழவில்லை.

ஓடினேன். நர்ஸம்மா வந்த வேகத்தில் அவருடைய செருப்பு ஒன்று வழியிலேயே கழன்று கிடந்தது. அம்மாவை உள்ளே கிடத்தி வேறொரு ஊசி போட்டார்கள். கதவுக்கு வெளியே நான், ஓணான் கதையை எந்த இடத்தில் விட்டோம் என்று மறக்காமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாயும்போதுதான் எங்களை விட்டார்கள். இனி அந்த ஊசி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோற்றோடு அரை மாத்திரையாகத் தொடங்கி அம்மா தேறுவதற்கு மறு வருஷம் ஆயிற்று.

பஸ்ஸில் அம்மா என் கையை விடவேயில்லை.

“எந்த ஸ்டாப்புல எறங்கணும், சொல்லு?”

சொன்னேன்.

“எறங்கி?”

மாவு மில்லைத் தாண்டி, அம்மன் கோயிலை ஒட்டின சந்து என்றேன்.

“நான் கூட இல்லன்னா, நீயா ஊட்டுக்கு வந்து சேந்துடுவியா?”

“ஓ, வந்துடுவேனே.”

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு கேள்விக்குக்கூடத் தப்பாகச் சொல்லவில்லையே, ஒரு வார்த்தை மெச்சக்கூடாதா என்று எனக்கு வருத்தமாக இருந்தது.