ஹெப்ரான் சொன்ன சாட்சி

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஹெப்ரானுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இனி இவன் பட்டறைப் பக்கமே வரமாட்டோம் என்று போகிறவர்கள், வேலை சுத்தம் என்பதால் மறுபடி வருவார்கள். கடவுளிடமும் அவன் அப்படித்தான் எகிறுவான். பைபிளில் யாக்கோபே சோறும் துணியும் தந்தால்தான் நீர் என் தேவன் என்று பேரம் பேசினவர்தானே, நமக்கென்ன என்பான்.

அவன் பெஞ்சாதி சாலோமி டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த எகிறல் தலைக்கேறிவிட்டது. வராந்தாவில் நின்றுகொண்டு, "இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உம்ம கோயில் வாசப்படிய மிதிக்க மாட்டேன், பாத்துக்கிடும்" என்று மேலே பார்த்து மிரட்டினான். இதற்குப் பெயர் ஜெபமாம்.

கொஞ்சம் பொறுத்து அதே வராந்தாவில்தான் ரிச்சர்டும் வந்து உட்கார்ந்தார். அதே சபைக்காரர், பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவர் மனைவி பாக்கியவதிக்கும் அதே காய்ச்சல், பக்கத்துக் கட்டில். "ராஜா செஞ்ச சிலையக் கும்பிடாம நெருப்புச் சூளைக்கு முன்னால நின்ன மூணு பேரு மாதிரி சொல்லுதேன் ஆண்டவரே. காப்பாத்துனாலும் உம்மத்தான் நம்புவேன், காப்பாத்தாட்டாலும் உம்மத்தான்" என்று அவர் முணுமுணுத்தது ஹெப்ரான் காதிலும் விழுந்தது.

சாலோமி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். பாக்கியவதி போய்ச்சேர்ந்துவிட்டாள்.

ஸ்தோத்திரப் பண்டிகையன்று ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொல்ல, குருவானவர் ஹெப்ரானைக் கூப்பிட்டார். மிரட்டினதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தான். ஆனால் புதுச் சேலையில் சாலோமி பார்த்துக்கொண்டிருக்கிறாள், சபையே அவன் வாயைப் பார்க்கிறது. நாக்கு புரண்டுவிட்டது, பாவி. "முழு மனசா நம்புனேன், அவர் கைவிடல" என்றான். சபை அல்லேலூயா சொன்னது. அவனுக்கோ தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆராதனை முடிந்து சபையே சேர்ந்து சாப்பிடும் அசனச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது ரிச்சர்ட் வந்து அவன் கையைப் பிடித்தார்.

"நல்லா சொன்னப்பா. ஒன்ன மாதிரி நம்ப எனக்குத் தெரியாமப் போச்சு. காப்பாத்தாட்டாலும்னு வாய விட்டேன்லா, அதான் எடுத்துக்கிட்டாரு போல."

ஹெப்ரான் வரிசையை விட்டு விலகினான். பாவத்தைப் பண்ணினது நான், பழியைச் சுமக்கிறது இந்த மனுஷனா? இனியும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று, அவரை ஓரமாக இழுத்துப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அண்ணாச்சி, நான் நம்பவே இல்ல. மிரட்டத்தான் செஞ்சேன். நம்புனது நீங்கதான்."

ரிச்சர்ட் பையக் கேட்டார்.

"அப்போ, நானும் மிரட்டியிருக்கணுமோ?"