பின் சீட்டில் ஓர் அரிசி மூட்டை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பேருந்து குடிகாட்டை நெருங்கும்போது எல்லோரும் ஜன்னலை இழுத்து மூடுவார்கள். நான் மட்டும் திறந்து வைப்பேன். போன வாரம் பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மூடும்மா, வாட கொடலப் பொரட்டுது" என்றார். மூடினேன், ஆனால் ஒரு விரற்கடை விட்டுத்தான். உங்களுக்கெல்லாம் மல்லிகை, புதுமழை என்று ஏதாவது வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது குடிகாட்டுத் தொழிற்பேட்டையின் ரசாயன மருந்து வாடை. அது மூக்கில் ஏறியதும் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

நான் மோட்டார் சைக்கிள் பழகியது அங்கேதான். வண்டி என் வீட்டுக்காரருடையது. கல்யாணமாகி மறு வருடமே அவர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். போகும்போது உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு தடவை சொன்னார். வண்டியைப் பார்த்துக்கொள் என்று பல தடவை. வாரம் ஒருமுறை ஓடவிடாவிட்டால் இஞ்சின் இறுகிப்போகுமாம். கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அது நின்றது.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. போன் வரும். நலம் விசாரித்து முடித்ததும், "எங்க, கொஞ்சம் போடு புள்ள" என்பார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோக்கை இழுத்து, உதைஉதையென்று உதைப்பேன். வண்டி இருமித் தும்மி உயிர் பெறும். போனைச் சைலன்சர் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. அவ்வளவு தூரத்தில் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு தன் வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் தெரியும். பிறகு "ம், போதும்" என்பார். குரல் கரகரத்திருக்கும். எனக்கு அந்த வண்டிமேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

நின்றபடி உதைத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் உட்கார்ந்து உதைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. உட்கார்ந்தால் கை தானாக ஹேண்டில்பாரைப் பிடிக்கிறது. டேங்க் வெதுவெதுப்பாக முழங்காலில் படுகிறது. எதிரே இருந்த தகரச் சுவர் மெல்லக் கரைந்து, அந்த இடத்தில் ஒரு சாலை ஓடத் தொடங்கும். மாமியார் "சோறு வடிச்சாச்சா?" என்று கேட்கும்வரை நான் அந்தச் சாலையில் போய்க்கொண்டே இருப்பேன்.

கனவு காண்பதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அப்போது நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். சாப்பிடாமல் வந்து காத்திருப்பவர்களைப்போலக் கோபக்காரர்கள் உலகத்தில் கிடையாது. முதல் பஸ் தவறினால் அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார்: "குறிஞ்சிப்பாடிக்காரரு ஒருத்தரு வண்டியக் கேக்குறாரு. லீவுல வர்றப்ப குடுத்துடலாம். சும்மா நின்னு துருப்புடிக்கிறதுக்கு யாராச்சும் ஓட்டட்டும்."

நான் ஓட்டுகிறேனே என்று வாய் வரை வந்தது. ஓட்டத் தெரியாதவள் எந்த முகத்தோடு கேட்பது? கையில் லைசென்ஸோடு கேட்டுக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன். வண்டி போய்விட்டால் அந்த வெள்ளிக்கிழமையும் போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரே பயம். இஞ்சின் சத்தம் இல்லாமல் எங்களுக்குப் பேச என்ன இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

என் நாத்தனார் சுமதிக்கு மொபெட் ஓட்டத் தெரியும். எனக்குக் கற்றுத்தர அவளே பின்னால் ஏறிக்கொண்டாள். தனியாகப் போகக் கூடாது என்பது மாமியார் போட்ட உத்தரவு. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அகலச் சாலையில் ஈ காக்கை இருக்காது. "கியருன்னா என்னான்னு எனக்குத் தெரியாது அண்ணி, ஆனா போடுங்க" என்று அவள் கத்துவாள். நான் போடுவேன். வண்டி துள்ளும். இரண்டு பேரும் முள்ளுச் செடியில் போய் நிற்போம். சுமதி நல்ல உடம்புக்காரி. அவள் பின்னால் இருந்தால் வண்டி தேர் மாதிரி நிதானமாக வரும். எட்டுப் போடுவதும் அப்படியே பழகிவிட்டது.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். "என்னா புள்ள, ஒரே ஒதையில ஸ்டார்ட் ஆவுது?" என்றார். "வெய்யிலு ஜாஸ்தி மாமா" என்றேன். அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தபடி, "கால ஊனாம எட்டுப் போடும்மா" என்றார். சுமதி பழக்கதோஷத்தில் பின்னால் ஏறப் போனாள். "நீ எங்கம்மா போற? எறங்கு" என்று அதட்டினார். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பின்னால் ஆள் இல்லாத வண்டியை நான் அதுவரை ஓட்டியதே இல்லை. காற்றடைத்த பை மாதிரி அது என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. எட்டில் முதல் வளைவிலேயே இரண்டு காலையும் ஊன்றிவிட்டேன். "அடுத்த மாசம் வா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சுமதி புது அரிசி மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து பின் சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினாள். "நான் எறங்கிட்டேன். இனிமே இதுதான் சுமதி" என்றாள். தனியாகப் போகக் கூடாது என்ற உத்தரவையும் மாமியாரிடம் பேசி அவளே தளர்த்திவிட்டாள். ஒவ்வொரு நாள் மாலையும் மூட்டையோடு போவேன். வந்ததும் அதே மூட்டையிலிருந்து உலைக்கு அரிசி எடுப்போம். நாங்கள் சாப்பிடச் சாப்பிட மூட்டை இளைத்தது. பாதி மூட்டைக்கு ஒரு மாதிரி வளைய வேண்டும், கால் மூட்டைக்கு வேறு மாதிரி. மாத முடிவில் சாக்கு மட்டும் காற்றில் படபடத்தது. வெறும் சாக்கோடு எட்டுப் போட்ட அன்றைக்கு அதை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இரண்டாம் முறை இன்ஸ்பெக்டர் என்னைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "போ போ, ஆயிடுச்சி" என்றார்.

என் வீட்டுக்காரர் லீவில் வருகிற நாளில் சுமதி வேன் பிடித்துத் திருச்சி விமான நிலையத்துக்குப் போனாள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றுகொண்டேன். மத்தியானம் வண்டியை எடுத்தேன். பரங்கிப்பேட்டை முனை, வெள்ளாற்றுப் பாலம் எல்லாம் கண்ணுக்குள் வந்து வந்து கலைந்தன. ஓட்டினேனா, மிதந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேன் வருகிற வழியில், சிதம்பரம் புறவழிச் சாலையில் ஒரு டீக்கடையோரம் காத்து நின்றேன்.

சுமதியிடம் சொல்லிவைத்திருந்தபடி வேன் அங்கே நின்றது. அவர் இறங்கினார். முதலில் வண்டியைத்தான் பார்த்தார். பரவாயில்லை, அதன்மேல் நான்தானே உட்கார்ந்திருந்தேன்.

"யாரு ஓட்டிக்கிட்டு வந்தது?"

"நான்தான்."

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சரி, எறங்கு. நான் ஓட்டறேன்."

"லைசென்ஸு எங்கிட்டதான் இருக்குது மாமா. உங்குளுது போன வருசமே முடிஞ்சி போச்சி."

வேனுக்குள் சுமதி சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரர், "பொட்டியெல்லாம் வேன்லியே போவட்டும்" என்று சுமதியிடம் சொல்லிவிட்டு என் பின்னால் ஏறினார். சொந்த வண்டியில் பின்னால் கால் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. காலால் துழாவிக்கொண்டே இருந்தார். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று வீசியபோது என் தோளில் ஒரு கை வந்து விழுந்தது. "குறிஞ்சிப்பாடிக்காரருக்கு வேற வண்டி பாக்கச் சொல்லிடறேன்" என்றார் காதோரம். நான் கியரைக் கூட்டினேன்.

அந்த வண்டி கிழடாகி எடைக்குப் போய்விட்டது. சுமதி கல்யாணமாகி நெல்லிக்குப்பத்தில் இருக்கிறாள். சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், டீக்கடை இருந்த இடமே தெரியவில்லை. இதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவர் மஸ்கட்டை விட்டு ஊரோடு வந்து வருடங்கள் ஆகின்றன. காய் வாங்கியாச்சா, கரண்டு பில் கட்டியாச்சா என்று ஒரே கூரையின்கீழ் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் ஆசைப்பட்டதும் இதைத்தான். ஆனாலும், ஒருத்தர் வருகிறார் என்று குளித்து, பூ வைத்து, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் வரைக்கும் போய்ச் சாலையோரம் காத்து நிற்கிற நாள் என்று ஒன்று இனி எனக்குக் கிடையாது.