மடிக்காமல் விட்ட புடவைகள்

தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடை. அங்குள்ள விற்பனைப் பெண்களுக்குத் தீ விபத்துப் பயிற்சி கொடுத்தேன். கடைசியில் வைத்த தேர்வில் எல்லாருக்கும் முழு மதிப்பெண். அலாரம் அடித்தால், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, வாடிக்கையாளரையும் அழைத்துக்கொண்டு இறங்குவோம் என்று ஒருத்தி விடாமல் எழுதியிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவாரம், சொல்லாமல் கொள்ளாமல் அலாரத்தை அடிக்க வைத்துவிட்டு, மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவில் போய் நின்றேன். அலாரம் காதைக் கிழிக்கிறது. பெண்கள் ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் புடவை மடித்துக்கொண்டிருக்கிறார்கள்! கடைசியாக இறங்கியவள் இரண்டு குழந்தைகளின் தாய்.

"நிஜமாவே தீப்பிடிச்சிருந்தா? வீட்ல பசங்க உன்னைத் தேட மாட்டாங்களா?" என்று கத்தினேன்.

"இன்னா மேடம் பண்றது? கை அதுபாட்டுக்கு மடிச்சிக்கினு கீது. கலைச்சிப் போட்டுட்டு வந்தா சூப்பர்வைசர் சார் சும்மா வுடுவாரா?"

என் கோபம் அந்த சூப்பர்வைசர் பக்கம் திரும்பியது. பயிற்சியன்று, "இதெல்லாம் பொண்ணுங்களுக்குத்தான் மேடம்" என்று நழுவிய மனிதர். இந்த முறை அவரை விடவில்லை. அலாரம் அடித்தால் இறங்கச் சொல்லும் முதல் குரல் அவருடையதாக இருக்க வேண்டும்; அதை அந்தப் பெண்கள் முன்னாலேயே சொல்லிப் பழக வேண்டும் என்றேன். முனகிக்கொண்டேதான் செய்தார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு காலையில் மறுபடி சொல்லாமல் அலாரத்தை அடிக்க வைத்தேன். மாடிப்படியின் அடியில் நின்றேன். மேலிருந்து அவர் குரல் கேட்டது.

"பொடவ கெடக்கட்டும்மா! நீ எறங்கு!"

முதலில் வந்தவள் அந்தத் தாய்தான். பில் போட்டுவிட்டு வருகிறேன் என்று மல்லுக்கட்டிய ஒரு அம்மாளின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். "பில்லு எங்கியும் போவாதும்மா, நீங்க வாங்க!" பின்னாலேயே மற்றவர்கள் தடதடவென்று இறங்கினார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

எல்லாரும் தெருவில் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, நானும் சூப்பர்வைசரும் மேலே போனோம். மேஜையிலும் தரையிலும் பட்டுப் புடவைகள், பாதி மடிப்பிலும் விரித்தபடியும். தேர்வுத்தாள் எதுவும் தராத சந்தோஷத்தில் என் கண் கலங்கியது. அவருக்கோ வேறு கவலை.

"இன்னா கோலம் மேடம் இது? மடிச்சி முடிக்கவே மத்தியானம் ஆயிடும்."

"ஆகட்டும் சார்," என்றேன். "மடிக்கத்தான் எல்லாரும் இருக்காங்களே."